செலஸ்டினாவில் ஓர் அறை – 14. இரண்டாவது பெயர்

சனிக்கிழமை காலை லூர்துராஜ் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிவிட்டால் அந்த வீட்டில் மணி ஒன்பது என்று அர்த்தம். ஞாயிறு பூசைக்கு வீட்டில் நாலு பேருக்கும் துணி தேய்த்து வைப்பது அவர் பொறுப்பு. மனைவி செல்வமேரியின் சேலை, மகன் கிறிஸ்டோவின் வெள்ளைச் சட்டை, மருமகள் ஷீனாவின் சுடிதார், கடைசியில் தன்னுடையது. அறுபத்தேழு வயசிலும் கை நடுங்காது.

"கப்பல்ல ரைட்டரா இருந்த மனுசனுக்கு இந்த வேலை எதுக்குங்க?" என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"கப்பல்ல ஆபீசருங்க அவங்கவங்க துணிய அவங்கவங்கதான் தேய்ச்சுக்கோணும். அங்க அதான் ஒழுங்கு."

முப்பத்தேழு வருஷமாகச் சொல்லிவருகிற பொய் அது. அவர் தேய்த்த துணி மாதிரியே இதுநாள் வரைக்கும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

மூன்று வாரமாக இந்த வீட்டில் கப்பலைத் தவிர வேறு பேச்சில்லை என்பது கூடவே வந்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. செலஸ்டினா என்கிற ஐம்பத்திரண்டு வயசுப் பயணிகள் கப்பல் ஜனவரியில் கடைசி முறையாகக் கொச்சியிலிருந்து கிளம்புகிறது. கொழும்பு, மாலத்தீவு என்று சுற்றிவிட்டு, மும்பையில் எல்லாரையும் இறக்கிவிட்டு, உடைபடுவதற்காகக் குஜராத் கரைக்குப் போய்விடும். அதில் இருபத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர் லூர்துராஜ். அதில் ஒரே ஒரு தடவை தன்னைக் கூட்டிப்போகச் சொல்லிப் பாதி ஆயுள் கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்டவள் செல்வமேரி.

டிக்கெட் விற்பனை தொடங்கிய இரண்டே மணி நேரத்தில் எல்லா அறையும் தீர்ந்துபோயிற்று. ஷீனா ஏரிக்கரை லாட்ஜில் ரிசப்ஷனில் இருப்பவள். ரூம் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், இந்த ஒரு ரூமுக்காகத் தட்டாத கதவில்லை. கடைசியில் கிடைத்தது காத்திருப்போர் பட்டியலில் முந்நூற்று நாற்பத்தொன்றாவது இடம். போன வாரம் அவள் பொறுமை இழந்தாள். மாமனார் வேண்டவே வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல், அவருடைய பழைய கப்பல் புத்தகத்திலிருந்து ஊழியர் எண்ணை எடுத்துப் போட்டு, ‘இவர் உங்கள் கப்பலில் உழைத்தவர், ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்’ என்று கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டிவிட்டாள்.

அந்த மெயிலை நினைத்துத்தான் மனுஷனுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

கிறிஸ்டோவின் சட்டைக் காலரில் பெட்டியை வைத்த நேரம் போன் அடித்தது. ஷீனாதான்.

"மாமா, அத்தை பக்கத்துல இருக்காங்களா?"

"பின்னால காப்பிப் பழம் காய வெச்சதக் கிளறிட்டு இருக்கா. ஏன் கண்ணு?"

"ரூம் கெடைச்சிருச்சுங்க மாமா!"

லூர்துராஜ் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். முந்நூற்று நாற்பது பேர் ஒரே ராத்திரியில் எங்கே போனார்கள்?

"நெசமாவா சாமி?"

"நெசமாத்தானுங்க. ஒரு வயசான தம்பதி வரலைன்னுட்டாங்களாம். அந்த ரூமை நமக்குக் குடுக்கறாங்க. ஆனா..." அந்தப் பக்கம் அவள் குரல் இறங்கியது. "நீங்க இங்க கிளம்பி வாரீங்களா? போன்ல சொல்ற விசயமில்லீங்க. அத்தைகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

போனை வைத்தபோதுதான் கருகல் வாடை மூக்கில் ஏறியது. வெள்ளைக் காலரில் பெட்டியின் மூக்கு பழுப்பாகப் பதிந்திருந்தது. இருபத்துநாலு வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்காத கை அது. சட்டையைச் சுருட்டி மற்ற துணிகளுக்கு அடியில் செருகிவிட்டு, வெளியே வந்தார்.

"மேரி, ஒண்டிக்கடை வரைக்கும் போயிட்டு வாரேன்."

தார்ப்பாயில் பரப்பிய சிவப்புப் பழங்களைக் காலால் கிளறிக்கொண்டிருந்த செல்வமேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"துணி தேய்ச்சு முடிச்சிட்டீங்களா அதுக்குள்ள?"

"வந்து தேய்க்கறேன்."

தேய்ப்பதைப் பாதியில் விட்டு இவர் எழுந்து அவள் பார்த்ததில்லை. அதை மட்டும் மனசில் குறித்துக்கொண்டாள்.

&nbsp;

லாட்ஜில் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள் ஷீனா. ரிசப்ஷனில் வேறு யாரும் இல்லை. நவம்பர் மஞ்சு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஏரியை மறைத்திருந்தது.

"உக்காருங்க மாமா. மெதுவாச் சொல்றேன். வேலை செஞ்ச காலத்துல குடும்பத்தைக் கூட்டிப்போற சலுகைய ஒரு தடவைகூட எடுக்காத பழைய ஆளுங்களுக்குத்தான் இந்தக் கடைசிப் பயணத்துல முதல் உரிமையாமா. வெயிட்டிங் லிஸ்ட்டுல பழைய ஆளுங்க பதினேழு பேரு இருக்காங்க. ஒரு தடவைகூட எடுக்காதவரு நீங்க ஒருத்தர்தானுங்களாம்."

அவர் திரையை விட்டுக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார்.

"அஞ்சு வருசம் முடிச்ச எல்லாருக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்திருக்குதுங்க. உங்களுக்கு ஒம்போது தடவை. ஒம்போதும் அப்படியே கெடக்குது." ஷீனா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "அத்தை எங்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க மாமா. ‘கம்பெனி ரூல் அப்படி, ரைட்டர் வரைக்கும் குடும்பத்தை ஏத்த மாட்டாங்களாமா, அதுக்கு மேல ப்ரமோசன் வந்தாத்தானாமா’ன்னு."

"ம்."

"இன்னொண்ணு. வேலைன்னு போட்டிருக்கற எடத்துல..."

"லாண்டரி" என்றார் லூர்துராஜ். அந்தச் சொல்லை இந்த மலையில் வைத்து அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் முறை. "கப்பலுக்கு அடி வயித்துல, தண்ணி மட்டத்துக்குக் கீழ. ப்ரெஸ் போடற ஆளு. வெளிச்சம் வராது."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எஸ்டேட் மலையில் ரைட்டர் என்பது வெறும் கணக்கெழுதுகிற உத்தியோகம் இல்லை. துரைக்கு அடுத்தபடி நாற்காலியில் உட்காருகிற ஆள். அவருக்கு ஓட்டு வீடு, வேலையாட்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயம். செல்வமேரியின் அப்பா நாற்பது வருஷம் ரைட்டர். லூர்துராஜின் அப்பா அதே எஸ்டேட்டில் பழம் அரைக்கிற கொட்டகையில் கூலி. அந்த ரைட்டர் வீட்டு வாசலில் அந்தக் கூலி செருப்போடு நின்று பேசியதில்லை.

பெண் பார்க்கப் போன அன்றைக்குச் லூர்துராஜின் சித்தி சாந்தாமேரிதான் வாய் திறந்தாள். "பையன் கப்பல்ல என்னவா இருக்கான்?" என்று பெண்ணின் அப்பா கேட்டதும், "ரைட்டருங்க" என்றுவிட்டாள். அங்கே வேறெந்த வார்த்தைக்கும் அந்த வீட்டுக் கதவு திறந்திருக்காது. லூர்துராஜ் மறுக்கவில்லை. கையிலிருந்த காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஒரு தம்ளர் காப்பி குடிக்கிற நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டதற்கு அவர் ஆயுள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

"எங்க லாட்ஜ்ல லாண்டரி ஆளு ஒரு நாள் வரலைன்னா நாங்க கதவைச் சாத்தோணுமுங்க மாமா. இதுல என்ன கேவலம்?" என்றாள் ஷீனா.

"உனக்குத் தெரியாது கண்ணு. அது வேற காலம்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப என்ன பண்ணோணும்?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இந்த ஃபாரத்தை அனுப்போணும். இல்லாட்டி ரூம் வேற ஆளுக்குப் போயிரும். உங்க பாஸ்போர்ட் நம்பர் சொல்லுங்க."

இரண்டாவது இடி அங்கே விழுந்தது. அவருடைய பாஸ்போர்ட் நாலு வருஷத்துக்கு முன்பே காலாவதி. இனி எங்கே போகப்போகிறோம் என்று விட்டுவிட்டார்.

செல்வமேரி விடவில்லை. தொண்ணூற்றொன்பதில் எடுத்தாள். இரண்டாயிரத்து ஒன்பதில் புதுப்பித்தாள். பத்தொன்பதில் மறுபடியும். கடைசி முறை சேலத்துக்கு இவர்தான் கூடப் போனார். கவுன்டரில் இருந்த பெண், "எந்த நாட்டுக்கும்மா போகப்போறீங்க?" என்று கேட்க, "நாட்டுக்கில்லீங்க, கப்பலுக்கு" என்றாள் செல்வமேரி. அந்தப் பெண் சிரித்தாள். பக்கத்தில் நின்ற லூர்துராஜும் சேர்ந்து சிரித்தார். மூன்று பாஸ்போர்ட்டிலும் ஒரு முத்திரைகூடக் கிடையாது.

"அத்தையோடது இருபத்தொம்பது வரைக்கும் இருக்குதுங்க. அப்ப இன்னிக்கு அத்தை பேர்ல மட்டும்தான் ரூமைப் புடிச்சு வெக்க முடியும்" என்றாள் ஷீனா. "ரெண்டாவது பேரை முப்பதாந்தேதி வரைக்கும் சேத்தலாம். அதுக்குள்ள நீங்க அவசரப் பாஸ்போர்ட் எடுத்துருங்க. ஆனா அத்தை கையெழுத்து வேணும் மாமா."

ப்ரிண்டரிலிருந்து இன்னும் சூடு ஆறாத தாளை நீட்டினாள். ‘என் கணவரின் பணிக்காலத்தில் எனக்கு உரிய ஒன்பது பயணங்களில் ஒன்றையும் நான் மேற்கொள்ளவில்லை என உறுதியளிக்கிறேன்’ என்று இங்கிலீஷில் இருந்தது. அதற்குக் கீழே ‘காரணம்’ என்று இரண்டு வெற்றுக் கோடு. அதற்கும் கீழே கையெழுத்து.

"நான் வாயத் திறக்க மாட்டேனுங்க மாமா" என்றாள் ஷீனா, அவரைப் பார்க்காமல். "சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

&nbsp;

ஜீப்பில் திரும்பும்போது லூர்துராஜ் செய்த காரியத்தை இங்கே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தாளை மடியில் வைத்து மடித்தார். சட்டையை மடிக்கிற மாதிரி இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளி, மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. மடித்து முடித்தபோது கையெழுத்துப் போடுகிற கோடு மட்டும் வெளியே தெரிந்தது. அவ்வளவு சுத்தமான மடிப்பு.

இந்தக் கடைசித் தடவை மட்டும் என்று நினைத்துக்கொண்டார். கப்பலில் ஏறிவிட்டால் போதும். மேல்தளத்தில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்து, கடலைக் காட்டி, மெதுவாக எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். மனுஷன் ஒரு பொய்யை விடுவதற்கு எப்போதுமே இன்னும் ஒரே ஒரு பொய்தான் பாக்கி இருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது செல்வமேரி கையைத் துடைத்துக்கொண்டே எதிரே வந்தாள்.

"ரூம் கெடைச்சிருச்சு மேரி" என்றார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். முகம் ஒரு தரம் மலர்ந்து, உடனே அழுகிற மாதிரி கோணியது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறுபத்திரண்டு வயசில் ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் எப்போதோ கூட்டிப் போயிருப்பாரா என்று யோசித்துப் பார்த்தார். பதில் நிச்சயமாக வரவில்லை. அதுதான் அவரைக் குத்தியது.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. அஞ்சு மணிக்குள்ள அனுப்போணுமாமா."

மடித்த தாளையும் பேனாவையும் நீட்டினார். செல்வமேரி பேனாவை வாங்கினாள். தாளை வாங்கினாள். பிறகு சன்னலில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மடிப்பைப் பிரித்தாள்.

அவள் ரைட்டர் மகள். படிக்காத தாளில் கை வைத்துப் பழக்கமில்லை. மிஷன் ஸ்கூலில் பத்தாவது வரை படித்தவள். மெதுவாக, விரலை வைத்துப் படித்தாள். ‘ஒன்பது’ என்ற இடத்தில் விரல் நின்றது. திரும்ப மேலே போய் முதலிலிருந்து படித்தாள்.

"ஏனுங்க, எனக்கு உரிய ஒம்போது பயணம்னா என்னங்க?"

அவர் வாசலைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். எனக்கு உரியதுன்னு போட்டிருக்குது."

அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. காயவைத்த பழம் நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். செல்வமேரி தாளைச் சன்னலில் வைத்து, அதன் மேல் கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டு ஓடினாள். இவரும் ஓடினார். இரண்டு பேரும் தார்ப்பாயின் இரண்டு முனையைப் பிடித்து, எதிரெதிரே நடந்து, பழத்தை நடுவில் குவித்து மூடினார்கள். நாலு மூலையிலும் கல் வைத்தார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை செய்த வேலை. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசிக் கல்லை வைத்துவிட்டுக் குனிந்தபடியே லூர்துராஜ் சொன்னார்.

"ரூல் அப்படியெல்லாம் இல்ல மேரி. எல்லாரும் கூட்டிட்டு வந்தாங்க. நான்தான் கூட்டிப் போகல. நான் அங்க ரைட்டரில்ல. துணி தேய்க்கிறவன்."

செல்வமேரி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"துணி தேய்க்கறது எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கல்யாணமாகி மொதத் தடவை நீங்க லீவுக்கு வந்தப்பவே தெரியும். முன்கையில வரிசையா சூட்டுக் கோடு. எங்கப்பா நாப்பது வருசம் ரைட்டரா இருந்தாரு. அவரு கையில மைதான் இருந்துச்சு. அப்பறம் நீங்க சட்டை தேய்ச்சதப் பாத்தேன். மொதல்ல காலரு, அப்பறம் தோளு, அப்பறம் கையி. ஆபீசரு எவன் அப்படித் தேய்ப்பான்?"

"தெரிஞ்சுமா நீ ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா எங்கப்பா முன்னால நாற்காலியில உக்கார மாட்டீங்க. அதான் கேக்கல. அவருக்குத்தான் நீங்க ரைட்டரா இருக்கோணும். எனக்கு எதுக்குங்க?" தூறல் அவள் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழுந்தது. துடைக்கவில்லை. "ஆனா அந்த ரூலை நம்பிட்டனே. வேலைய மறைச்ச மனுசன் ரூலைப் பத்தி எதுக்குப் பொய் சொல்லப் போறாருன்னு நம்பிட்டேன். வருசா வருசம் அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டினேன். பொண்டாட்டி புள்ளை இல்லாத பாவிகன்னு கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி வெச்சுக்கூடத் திட்டியிருக்கேன். அவன் பாவம், ஒம்போது தடவை எனக்குக் கதவைத் திறந்து வெச்சுட்டு நின்னிருக்கான்."

"நீ வந்து நான் அங்க நிக்கறதப் பாத்தா..."

"பாத்தா என்னங்க? ஒரு மணி நேரம் பாத்திருப்பேன். அப்பறம் மேல போயி கடலைப் பாத்திருப்பேன்."

லூர்துராஜ் அவளையே பார்த்தார். அவ்வளவுதானா? இவ்வளவு சின்ன விஷயமா அது? முப்பத்தேழு வருஷம் மலை மாதிரி முதுகில் சுமந்தது ஒரு மணி நேரத்துச் சமாச்சாரமா?

"நானும் தப்புப் பண்ணிட்டேன்" என்றாள் செல்வமேரி, கொஞ்சம் தணிந்த குரலில். "எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா ஒரு தடவையாச்சும் போயிருப்பேன். முட்டி வலி இல்லாத வயசுல போயிருப்பேன். கிறிஸ்டோவையும் தூக்கிட்டுப் போயிருப்பேன். நீங்க கௌரவமா இருக்கோணும்னு நானும், நான் கௌரவமா நினைக்கோணும்னு நீங்களும்... போச்சுங்க. எல்லாம் போயே போச்சு."

அழுதாள். சத்தமில்லாமல், நின்றபடியே. அவர் பக்கத்தில் போனார். கையைப் பிடிக்கலாமா என்று தெரியவில்லை. பிடிக்காமலே நின்றார்.

&nbsp;

சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டதாகப் பேர் பண்ணினார்கள். பிறகு தாளை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்துப் போடறேன். ஆனா காரணம்னு ஒரு எடம் இருக்குது. அதை நான் எழுத மாட்டேன். நீங்க எழுதுங்க."

"ஷீனா ஏதாச்சும் போட்டுக்குவா மேரி..."

"நீங்க எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க. அந்தப் புள்ள இங்கிலீஷ்ல அடிச்சுக்குவா."

லூர்துராஜ் பேனாவைப் பிடித்தார். ‘வேலைப் பளு காரணமாக வசதிப்படவில்லை’ என்று எழுதினார். செல்வமேரி எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை ஆயிற்று. மூன்று ஆயிற்று.

எழுதியதை அடித்தார். பாக்கியிருந்த கோட்டில், பொடி எழுத்தில், நிறுத்தாமல் எழுதினார். ‘நான் அங்கே துணி தேய்த்தேன். என் மனைவி அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். கம்பெனி அனுமதிக்காது என்று அவளிடம் பொய் சொன்னேன்.’

செல்வமேரி வந்து படித்தாள். இரண்டு தடவை படித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். பக்கத்தில் தேய்க்கக் கிடந்த துணிகளுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த வெள்ளைச் சட்டையை உருவினாள்.

"காலர் கருகியிருக்குது. காலையிலயே பாத்தேன். அப்பவே ஏதோ நடந்திருக்குன்னு நெனைச்சேன்."

"சாயங்காலம் கிறிஸ்டோ சேலத்துல இருந்து வந்திருவான். அவன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"சட்டை ஏன் கருகிச்சுன்னு கேப்பானில்ல. அங்கிருந்து ஆரம்பிங்க" என்றாள்.

&nbsp;

நாலே முக்காலுக்கு லாட்ஜில், இருவரும் பக்கத்தில் நிற்க, ஷீனா அந்தத் தாளைப் பார்த்துத் தட்டினாள். காரணத்தை அடிக்கும்போது அவள் விரல் ஒரு தரம் நின்றது. மாமனாரை நிமிர்ந்து பார்க்கவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு ஐம்பத்தேழுக்குப் பதில் வந்தது.

"அத்தை! ரூம் உங்களுதுங்க! மேல இருந்து ரெண்டாவது தளம். கடலைப் பாத்த ஜன்னல்!"

செல்வமேரி தன் பெயரைத் திரையில் படித்தாள். அதற்குக் கீழே ‘இரண்டாவது பயணி’ என்று ஒரு காலியிடம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"மாமா பேரும் பாஸ்போர்ட்டும் பின்னால வரும்னு இப்பவே ஒரு குறிப்பு மட்டும் எழுதி வெச்சுரட்டுங்களா அத்தை?"

"வேண்டாம் கண்ணு."

ஷீனாவின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"முப்பதாந்தேதி வரைக்கும் இருக்குதில்ல?" என்றாள் செல்வமேரி. "காலியா இருக்கட்டும். நான் சொல்றேன்."

இருவரும் ஒண்டிக்கடை ஜீப் நிறுத்தத்துக்கு நடந்து வந்தார்கள். மஞ்சு தரையோடு தரையாக இறங்கியிருந்தது. பலகாரக் கடையில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

"திங்கக்கெழமையே சேலம் போயி பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடுத்தர்றேன் மேரி" என்றார் லூர்துராஜ்.

"குடுங்க."

"அப்ப என்ற பேரு..."

"பதினாறு தடவை உங்களைச் சேலம் ஜங்ஷன்ல ரயிலேத்தி உட்டிருக்கேன்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, யோசித்து யோசித்துச் சொன்னாள். "ரயில் போனதுக்கப்பறம் மலைக்குத் திரும்பி வர்ற பஸ்ஸு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. அந்தப் பஸ்ஸுல நீங்க ஒரு தடவைகூட வந்ததில்ல. பேரு சேந்தாலும் சேராட்டியும் கொச்சி வரைக்கும் வாங்க. மத்ததை அப்பறம் பாக்கலாம்."

செம்மநத்தம் பக்கம் போகிற ஜீப் வந்து நின்றது. பின்னால் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரே ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது.

"நீ ஏறு. குளிருது. நான் அப்பறமா வாரேன்" என்றார்.

செல்வமேரி ஏறினாள். கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜீப் கிளம்பியது.

லூர்துராஜ் தன்னை அறியாமல் கையைத் தூக்கி அசைத்தார். அவள் திரும்பிப் பார்த்தாளா என்பது மஞ்சில் தெரியவில்லை. பின்விளக்கு வளைவில் மறைகிறவரை கையை இறக்காமல் நின்றார். பிறகு கடைக்காரரிடம் அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார்.

இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.